மூன்று நட்சத்திரம் வரும்வரை

வினையை நான் சென்னையிலேயே விதைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். டெக்சாஸில் ஒரு தமிழ்ச் சங்கம் ஆண்டு விழாவுக்கு அழைத்திருந்தது. உடனே ஒரு மின்னஞ்சல் எழுதிப் போட்டேன்: "நோட்டீஸில் ஆறு மணி என்று போட்டால் ஆறு மணிக்கு ஆரம்பிக்க வேண்டும். குத்துவிளக்கு, வரவேற்புரை, முன்னாள் தலைவர் உரை, பொன்னாடை என்று மூன்று மணி நேரம் இழுத்தால் நான் மேடை ஏற மாட்டேன்." பதில் வரவில்லை. வழக்கம்போலக் குப்பையில் போட்டிருப்பார்கள் என்று நினைத்து நானும் மறந்துபோனேன்.

நான் கொன்னக்கோல் சொல்கிறவள். மிருதங்கத்தில் விரல் சொல்வதை வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. நங்கநல்லூரில் வீடு, ஐம்பத்து நாலு வயது, நேரம் தவறினால் யாரையும் கடித்துக் குதறிவிடுவேன் என்ற நல்ல பெயர்.

இந்தப் பயணத்தில் எனக்குக் கூட்டாளி டோவ். நியூ ஜெர்சியில் பிறந்த யூதர். ஜமைக்கா நாட்டு ரெகே பாடுவார், நடுவில் ஹிப்ஹாப் பாணியில் படபடவென்று பேசுவார். என்னுடைய வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, "நீங்க செய்யறதைத்தான் நானும் இங்கிலீஷ்ல செய்யறேன்" என்று எழுதினார். ஒரு வருஷமாக ஒலிக்கோப்புகளை அனுப்பி அனுப்பி நாலு உருப்படி செய்து வைத்திருந்தோம். நேரில் பார்த்ததில்லை. யூதருக்கும் ஜமைக்கா பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு ஒரே குடைச்சல்.

முதலில் நியூ ஜெர்சியில் பார்சிப்பனி. என் தங்கை சாரதா அங்கே இருக்கிறாள். டோவ் சாப்பிட வருகிறார் என்றதும் காலையிலிருந்து சமையல்: அவியல், வத்தக்குழம்பு, பாயசம். வந்தார். நாற்பத்தைந்து வயது, நரைத்த குட்டைத் தாடி, தலையில் பின்னிய குல்லா, காலில் கிழிந்த ஷூ. எல்லாவற்றையும் மூக்கால் அனுபவித்துவிட்டு, "எனக்கு ஒரு வாழைப்பழம் மட்டும் கொடுங்க, தோலோட" என்றார்.

சாரதாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அக்கா, எல்லாமே வெஜ்தான்னு சொல்லு."

நான் சொன்னேன். அவர் கையைப் பிசைந்தார். "பிரச்சினை உங்க சாப்பாட்டுல இல்லங்க. பாத்திரம். நாங்க வெளியில சமைச்ச பாத்திரத்துல சாப்பிடறதில்ல. மன்னிச்சிக்கணும்."

சாரதா சட்டென்று சிரித்துவிட்டாள். "அட, எங்க மாமியார் பண்ற ஆசாரம்! அவங்களும் நம்ம வீட்டுக்கு வந்தா சொந்தமா டிபன் பாக்ஸ் எடுத்துட்டுத்தானே வருவாங்க?" என்று தமிழில் சொல்லிக்கொண்டே ஒரு சீப்புப் பழத்தையும் எடுத்து வந்து எதிரே வைத்தாள். அவர் ஐந்து பழம் சாப்பிட்டார். அவியலை நான் ஒருத்தியே இரண்டு நாள் சாப்பிட வேண்டியதாயிற்று.

மறுநாள் டோவ் தான் வளர்ந்த ஊரைக் காட்டக் கூட்டிப்போனார். முக்கால் மணி நேர டிரைவ். அவருடைய அப்பா யோசேப் அங்கே பூட்டு, சாவிக்கடை வைத்திருந்தாராம். இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை. வாசலில் நின்றபடியே கதையைச் சொன்னார். கடையில் சாவி வெட்டும் மெஷினில் வின்ஸ்டன் என்று ஒரு ஜமைக்காக்காரர் வேலை பார்த்தார். நாள் பூராவும் கேசட்டில் ரெகே ஓடும். பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாவின் அடியில் உட்கார்ந்து டோவ் அதைக் கேட்பார்.

"ஒருநாள் திடுக்குன்னு ஆயிடுச்சு. சீயோன், பாபிலோன், தாவீது ராஜா... எங்க வீட்டுல அப்பா பிரார்த்தனையில சொல்ற வார்த்தையெல்லாம் வின்ஸ்டனோட கேசட்ல வருது! இவங்க எப்படி எங்க வேதத்துல இருக்கிற சங்கீதத்தைப் பாடறாங்கன்னு அப்பாகிட்ட கேட்டேன். அப்பா, 'நம்ம சங்கீதம் நல்லா இருக்கு, அதான் பாடறாங்க. நீ ஹோம்வொர்க் பண்ணு'ன்னாரு."

என் குடைச்சல் அங்கே தீர்ந்தது. வேறொன்று ஆரம்பித்தது. "அப்பா உங்க பாட்டைக் கேட்டு என்ன சொன்னார்?" என்றேன்.

"அப்பா என் கச்சேரிக்கு வந்ததே இல்ல."

திரும்பும் வழியில் ஃப்ரீவேயில் ஒரு லாரி கவிழ்ந்து இரண்டு மணி நேரம் நின்றோம். நம் ஊராக இருந்தால் அரை மணியில் சுண்டல்காரர் வந்திருப்பார். இங்கே ஒரு ஈ காக்கை இல்லை. பசியில்தான் முழுக் கதையும் வெளியே வந்தது. யூதர்களுக்கு ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை. அதுவரை வேலை இல்லை, கார் இல்லை, விளக்கு ஸ்விட்சைத் தொடக் கூடாது, மைக் பிடிக்கவே கூடாது. இருபத்தைந்து வயதில் கலிபோர்னியாவில் டோவின் ஒரு பாட்டு பிரமாதமாக ஓடியது. பெரிய விழா ஒன்றுக்குக் கூப்பிட்டார்கள், வெள்ளிக்கிழமை ராத்திரி. போய்ப் பாடினார். கூட்டம் கொண்டாடியது. அப்பா திட்டவில்லை, சண்டை போடவில்லை. "உன் பாட்டு உன்னோட, என் சனிக்கிழமை என்னோட" என்று ஒரே வாக்கியம். அதற்கப்புறம் இருபது வருஷம் அந்த வீட்டில் இசை என்ற பேச்சே எழவில்லையாம்.

"அப்புறம் எனக்கு மகள் பிறந்தா. அவளை மடியில வெச்சிட்டு வெள்ளிக்கிழமை விளக்கேத்தறப்போ, நானாவே திரும்பி வந்துட்டேன். அப்பாவுக்காக இல்ல. ஆனா வெள்ளி, சனி பாடமாட்டேன்னு சொன்னதும் பாதி வாய்ப்பு போயிடுச்சு."

தீபாவளிக்கு முதல் வாரம் துணிக்கடையைப் பூட்டினால் எப்படி, அப்படி. அமெரிக்காவில் பாட்டு விற்பதே அந்த இரண்டு ராத்திரிதான்.

"நம்ம டெக்சாஸ் ப்ரோகிராம் சனிக்கிழமைதானே?" என்றேன் திடீரென்று.

"அதை ஏன் ஒத்துக்கிட்டேன் தெரியுமா? அந்த ஹால் என் அக்கா ரூத் வீட்டுலருந்து ஒரே மைல். அப்பா இப்ப அவளோடதான் இருக்காரு. நடந்தே வரலாம். வர்றேன்னு சொல்லியிருக்காரு. ஒரே கண்டிஷன்: நட்சத்திரம் வர்றதுக்கு முன்னாடி நான் மைக்கைத் தொட்டா, திரும்பி நடந்துடுவாராம். உங்க சங்கச் செயலாளர் ரவிகிட்ட கேட்டேன். நட்சத்திரம் எட்டரைக்கு மேலதான் வரும்னேன். அவர், 'நோட்டீஸ்ல ஆறுன்னு இருக்கும், கவலைப்படாதீங்க, எங்க ஃபங்ஷன்ல உங்க டர்ன் எட்டரைக்கு முன்னாடி வரவே வராது'ன்னு சத்தியம் பண்ணாரு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "நம்ம ஆளுங்களை அந்த ஒரு விஷயத்துல கண்ணை மூடிட்டு நம்பலாம்" என்று உறுதி கொடுத்தேன். மின்னஞ்சல் ஞாபகம் லேசாக வந்தது. பதிலே போடாதவர்களா திருந்தப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து கலிபோர்னியாவில் சன்னிவேல். எங்களுக்கு டிரம்ஸ் வாசிக்கும் கார்த்திக் அங்கே எஞ்சினியர். அவர் வீட்டு கராஜில்தான் ஒத்திகை. எல் கமினோ சாலையில் தோசை சாப்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். பெயரில்லாத ஒரு வெள்ளைப் பேருந்து வந்தது. எல்லாரும் ஏறினார்கள், நானும் ஏறினேன். ஓட்டுநர் என் பட்டுப்புடவையைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. குளுகுளு ஏசி, சீட்டுக்கு சீட்டு ஒரு லேப்டாப். அமெரிக்க அரசு மக்களுக்கு என்னமாய்ச் செய்கிறது என்று பூரித்துப்போனேன். பக்கத்து சீட்டுப் பையன், கோயம்புத்தூர்க்காரன், மெல்லக் குனிந்தான்.

"ஆன்ட்டி, நீங்க எந்த டீம்?"

"கொன்னக்கோல்" என்றேன்.

அது கம்பெனி ஷட்டிலாம். குபெர்டினோவில் ஒரு மாபெரும் ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டார்கள். செக்யூரிட்டிக்காரர் வந்து என்னை மரியாதையாக நிழலில் உட்கார வைத்தார். அந்தப் பையன்தான் கூடவே இருந்து கார்த்திக்குக்கு போன் பண்ணிக் கொடுத்தான். யாரோடு பாட வந்தேன் என்று சொன்னதும் அவன் கண் விரிந்தது.

"டோவா? காலேஜ் ஹாஸ்டல்ல அந்த ஒரு பாட்டைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கேட்போம் ஆன்ட்டி. அவர் இன்னும் பாடறாரா?"

அந்த 'இன்னும்' எனக்குச் சுருக்கென்றது. டோவிடம் சொல்லவில்லை.

ஒத்திகையில் எங்களுக்குப் பெரிய சண்டை. தாளத்தின் ஒரு சுற்றான ஆவர்த்தனத்தில் முதல் அடிதான் எங்களுக்கு உயிர். எங்கே சுற்றினாலும் சரியாக அதில் வந்து விழ வேண்டும். ரெகேயில் அந்த முதல் அடியில் ஒன்றுமே கிடையாது! வெறும் காற்று. டிரம் மூன்றாவதில் போய்த்தான் விழுகிறது. நான் தகதிமி தகஜுணு என்று முதல் அடியில் ஓங்கி விழுந்தேன், டோவ் கையைக் காட்டி நிறுத்திக்கொண்டே இருந்தார்.

"அங்க விழாதீங்க மேடம். அது காலி இடம்."

"காலியா விட்டா தாளம் எப்படி நிக்கும்?"

"காலியா விடறதுனாலதான் நிக்குது."

போய்யா உன் தத்துவமும் நீயும் என்று தமிழில் சொன்னேன். கார்த்திக்கின் பத்து வயசு மகள், தமிழ் புரியாது என்று நான் நினைத்தவள், கெக்கெக்கென்று சிரித்து அதை அவருக்கு மொழிபெயர்த்தும் கொடுத்துவிட்டாள். நாலு நாள் ஆயிற்று, எனக்கு அந்த முதல் அடியில் வாயை மூடிக்கொள்ள. முப்பது வருஷப் பழக்கம், லேசில் போகுமா?

டெக்சாஸில் இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்தது. ஆகஸ்ட் கடைசி. அக்னி நட்சத்திரத்தில் திருத்தணியில் நின்றவளுக்கே தலை சுற்றியது. சனிக்கிழமை மத்தியானம் ரூத் வீட்டில் சாப்பாடு. ரவி என்னை அங்கே இறக்கிவிட்டார். "ஏழேகாலுக்கு ஹாலுக்கு வந்தா போதும் மேடம். எங்க ஆளுங்களே ஏழரைக்குத்தான் பார்க்கிங்ல இருப்பாங்க." வீட்டில் யாரும் போனைத் தொடாத நாள், நான் மட்டும் நோண்டிக்கொண்டிருந்தால் அழகில்லை என்று என்னுடையதை அணைத்துப் பையில் போட்டேன். மகா தப்பு.

வெள்ளிக்கிழமையே அடுப்பில் ஏற்றி சனி மத்தியானம் வரை தணலிலேயே வெந்த பீன்ஸ் குழம்பு. எனக்காக இறைச்சி போடாமல் செய்திருந்தார்கள். குழைந்து, புகை வாசத்தோடு, அப்படி ஒரு ருசி. இரண்டு தடவை கேட்டு வாங்கினேன்.

யோசேப்புக்கு எண்பத்தொன்று. கையில் தடி, காதில் மெஷின், சட்டைக் கழுத்துவரை பட்டன். சாப்பாடு முடிந்ததும் கூரையைப் பார்த்து, "இந்த ரூம் என்னமா கொதிக்குது" என்றார். யாரும் அசையவில்லை. இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும் கூரையிடம், "சிலருக்கு ஏசி ஸ்விட்ச் எங்க இருக்குன்னு தெரிஞ்சிருக்கும்" என்றார்.

அடேயப்பா! ஸ்விட்சை அவரும் தொடக் கூடாது, என்னைத் தொடச் சொல்லவும் கூடாது. ஆனால் கூரையோடு பேசலாம். ஜாடை பேச்சில் ஊறிய கூட்டுக் குடும்பத்திலிருந்து வந்தவளிடமா? எழுந்து போய் எனக்கே வேர்க்கிற மாதிரி விசிறிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டேன். அவர் கூரைக்கு நன்றி சொன்னார்.

ஆறரைக்கு யோசேப், டோவ், நான் மூவரும் நடந்தோம். அந்த ஊரில் நடைபாதை என்று ஒன்று கிடையாது. புல்லில், வேலியோரம், காரெல்லாம் காற்றாய்ப் பறக்கிற ரோட்டோரம். ஒரு பிக்கப் வண்டி நின்றது. தொப்பி போட்ட மனிதர், "பெரியவரே, வண்டி ரிப்பேரா? ஏறுங்க" என்றார். யோசேப் தலையை ஆட்டினார். இரண்டாவது வண்டி, மூன்றாவது வண்டி. நாலாவதில் ஒரு பெண் பதறிப்போய் போலீஸைக் கூப்பிடவா என்றாள். டெக்சாஸில் நடப்பதென்றால் ஏதோ விபரீதம் என்றுதான் அர்த்தம். அப்பாவும் மகனும் பத்தடி இடைவெளியில் நடந்தார்கள். இந்த மனுஷர் இந்த வெயிலில் வருகிறாரே, ஒன்றும் பிசகாமல் இருக்க வேண்டுமே பிள்ளையாரப்பா என்று எனக்கு அடித்துக்கொண்டது.

பள்ளிக்கூட ஹாலை அடைந்தபோது ஏழேகால். பார்க்கிங் நிரம்பி வழிந்தது. ரவி ஓடி வந்தார், முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம், எத்தனை தடவை கால் பண்ணேன்! ஷார்ப்பா ஆறுக்கே ஆரம்பிச்சிட்டாங்க. நாட்டியம், நாடகம் எல்லாம் ஓவர். ஏழரைக்கு நீங்க!"

"யார் ஆரம்பிச்சது?"

"புது பிரசிடென்ட். டாக்டர் மணிமேகலை. உங்க மெயிலைக் கமிட்டியில வாசிச்சு, இனிமே இதுதான் ரூல்னு எல்லாருக்கும் ஃபார்வர்ட் பண்ணிட்டாங்க. எப்படியும் லேட்டாகும்னு நான் உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

தன் வினை தன்னைச் சுடும் என்பதை நான் அதுவரை பழமொழி என்று நினைத்திருந்தேன்.

ரவி டோவைப் பிடித்துக்கொண்டார். "சார், ப்ளீஸ், ஒரே ஒரு பாட்டு. கூட்டம் காத்திட்டிருக்கு." டோவ் அப்பாவைப் பார்த்தார். யோசேப் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, தடியை முழங்காலில் சாய்த்து, பளபளவென்று வெயில் அடித்துக்கொண்டிருந்த வானத்தைப் பார்த்தார். "அவன் இஷ்டம்" என்றார்.

டோவ் வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். "மேடம், நீங்க போங்க. நான் இல்லாம பண்ணிடுங்க" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது, என் மேலேயே. நேராக மேடை ஓரத்துக்குப் போனேன். மணிமேகலை கையில் ஸ்டாப் வாட்சோடு நின்றிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம்! உங்க மெயிலை ஃப்ரேம் போட்டு வெச்சிருக்கேன். பாருங்க, ரெண்டு நிமிஷம் கூட லேட் இல்ல!"

"டாக்டர், அந்த மெயிலை எழுதினது என் மண்டைக்கனம். இன்னிக்கு லேட் பண்ணியே ஆகணும்." விஷயத்தைக் கொட்டினேன்.

"நோ சான்ஸ் மேடம். ஒன்பதுக்கு ஸ்கூல்காரங்க லைட்டை ஆஃப் பண்ணிடுவாங்க. இப்ப கேப் விட்டா பாதி கூட்டம் சாப்பாட்டை வாங்கிட்டுக் கிளம்பிடும்."

முன்வரிசையில் பார்த்தேன். மூன்று பேர், கோட்டு சூட்டு, சட்டைப்பையில் மடித்த காகிதம், தொங்கிப்போன முகம். யாரென்று சொல்லவே வேண்டாம்.

"முன்னாள் தலைவர்களைப் பேச விடுங்க."

மணிமேகலை அலறிவிட்டார். "ஐயோ! அவங்களை நிறுத்தறதுக்கு ரெண்டு மாசம் சண்டை போட்டேன்!"

நான் கண்ணாடிக் கதவைக் காட்டினேன். வெளியே பெஞ்சின் இரண்டு கோடியில் இரண்டு பேர். "அவரு பையன் பாட்டைக் கேட்டு இருபது வருஷம் ஆச்சு" என்றேன்.

மணிமேகலை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஸ்டாப் வாட்சை ஹேண்ட்பேக்கில் போட்டு ஜிப்பை இழுத்தார். "ஆளுக்குப் பத்து நிமிஷம். அதுக்கு மேல ஒரு செகண்ட் கிடையாது."

முதல் தலைவர், "நேரமின்மை காரணமாக இரண்டே வார்த்தை" என்று ஆரம்பித்துப் பதினாலு நிமிஷம் பேசினார். இரண்டாமவர் சங்கத்தின் வரலாற்றைக் கற்காலத்திலிருந்து எடுத்தார். வாழ்நாளில் முதல்முறையாக நான் கைதட்டி உற்சாகப்படுத்தினேன். மூன்றாமவருக்குத் திருக்குறள். இன்னும் இரண்டு சொல்லுங்கள் என்று கீழேயிருந்து கத்தினேன். எனக்கும் அவர் ஒரு பொன்னாடை போர்த்தினார்.

எட்டு பத்துக்கு நான் தனியாக ஏறினேன். முன்கூட்டியே வந்திருந்த கார்த்திக் உடன் வாசித்தார். இருபது நிமிஷச் சரக்கை இழுத்தேன், பெருக்கினேன், குறைத்தேன், கூட்டத்தைத் தாளம் போட வைத்தேன். கண் மட்டும் பின்கதவில். எட்டரை. எட்டு முப்பத்தைந்து. வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. முன்வரிசைக் குழந்தை ஒன்று, "மம்மி, இஸ் ஷி ஓகே?" என்று கேட்டது நன்றாகவே காதில் விழுந்தது.

எட்டு நாற்பத்திரண்டுக்குப் பின்கதவு திறந்தது. முதலில் தடி, பிறகு யோசேப், பிறகு டோவ். பார்க்கிங் விளக்கின் வெளிச்சத்தில் மூன்றாவது நட்சத்திரம் தெரியாமல் பெரியவர் கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போய்த் தேடினாராம். கிடைத்ததும் ஓய்வுநாளை முடித்துவைக்கிற ஒற்றை வரியை இருவருமாகச் சொல்லிவிட்டு வந்தார்கள். டோவ் மேடைக்கு ஓடி வந்து மைக்கைப் பிடித்தார்.

பதினெட்டு நிமிஷம். பாடினார், நடுவில் சொல்லைக் கொட்டினார், நான் பதில் கொடுத்தேன், முதல் அடியில் சமர்த்தாக வாயை மூடிக்கொண்டேன். மூன்றாவது பாட்டின் நடுவில் மணி ஒன்பது. பட்டென்று மைக் செத்தது, விளக்கு அணைந்தது.

இருட்டில் பின்னாலிருந்து யோசேப்பின் குரல், காது கேளாதவர்களின் சத்தக் குரல்: "என்ன, அதுக்குள்ள நிறுத்திட்டான்?"

யார் முதலில் சொன்னார்களோ தெரியாது, எல்லாரும் பார்க்கிங்கில் கூடிவிட்டார்கள். கார் பானெட்டுகளில் சாப்பாட்டுப் பொட்டலம். மணிமேகலை ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கி வந்து யோசேப்பை உட்கார வைத்தார். டோவ் மைக் இல்லாமல், அறுந்த இடத்திலிருந்து எடுத்தார். கார்த்திக் ஒரு காலி குழம்பு டிரம்மைக் கவிழ்த்துத் தட்டினார்.

அப்போதுதான் பார்த்தேன். பெரியவரின் தடி சிமெண்ட் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. முதல் அடியில் இல்லை. மூன்றாவதில். ஒரு தடவை கூடப் பிசகவில்லை. எனக்கு நாலு நாள் பிடித்த விஷயம் இது. உதடும் அசைந்தது, பாட்டின் வரியோடு.

நான் அவர் காதருகே குனிந்து கத்தினேன். "உங்களுக்கு இந்தப் பாட்டு தெரியுமா?"

"ஏன் தெரியாது? எல்லாமே தெரியும்" என்றார், நாலு கார் தள்ளிக் கேட்கிற மாதிரி. "சனிக்கிழமை மட்டும்தானே எனக்குச் சண்டை? மத்த நாள்ல தினமும் கேட்பேன்."

டோவுக்கு அது கேட்டுவிட்டது. வரி பாதியில் நின்றது, வாயைத் திறந்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். தடி மட்டும் நிற்கவில்லை. தாளம் விழாமல் இருக்க நான் தகதிமி என்று பிடித்துக்கொண்டேன், டோவ் பாட்டுக்குத் திரும்பி வரும்வரை.